‘ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் போட்டால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் பழைய கார் விற்பனைப் பகுதியைப் புரட்டினால், ‘ஆட்டோமேட்டிக், சிங்கிள் ஓனர், குறைந்த ஓட்டம்’ என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. ‘ஆட்டோமேட்டிக்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு விதமான கியர் பாக்ஸ்கள் இருக்கின்றன. நான்குக்கும் ஆயில் வேறு, ஓட்டும் பக்குவம் வேறு, கெட்டுப்போகும் விதம் வேறு, செலவும் வேறு. வாங்குகிறவருக்கு இது தெரிவதில்லை. பல நேரம் விற்கிறவருக்கும் தெரிவதில்லை. நான்கில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, அதனாலேயே அதிகம் கெடுக்கப்படுவது சிவிடி, அதாவது படிகள் இல்லாமல் விகிதம் மாறும் கியர் பாக்ஸ். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மூன்றையும் முதலில் சொல்லி முடித்துவிடலாம். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயக்கி செய்கிறது. 2014-ல் மாருதி செலிரியோவில் வந்து ஊரெல்லாம் பரவியது இதுதான். டார்க் கன்வெர்ட்டர் என்பது பழைய காலத்து ஆட்டோமேட்டிக். உள்ளே கோள் கியர்களும் ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகளும் இருக்கும். டிசிடி-யில் இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படைக் கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படைக் கியர்களுக்கு. இந்த மூன்றிலும் முதல் கியர், இரண்டாம் கியர் என்று படிகள் உண்டு. சிவிடி-யில் முன்னோக்கிப் போகப் பொதுவாக அப்படி எதுவும் கிடையாது.

மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் சின்னப் புல்லி, அரவை இயந்திரத்தில் பெரிய புல்லி, நடுவே பெல்ட். மோட்டார் வேகமாகச் சுற்றும்; கல் மெதுவாக, ஆனால் பலத்தோடு சுற்றும். புல்லிகளை இடம் மாற்றிப் போட்டால் கல் பறக்கும், பலம் போய்விடும். சிவிடி-யும் இதே மில்தான். என்ன ஒன்று, மில்லை நிறுத்தாமலே, ஓடிக்கொண்டிருக்கும்போதே புல்லிகளின் அளவு மாறுகிறது.

அது எப்படி மாறும்? ஒவ்வொரு புல்லியும் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும் இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. ஒரு தட்டு தண்டோடு நிலையாக இருக்கும். இன்னொன்று தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். இரண்டும் நெருங்கினால் நடுவில் இருக்கும் பெல்ட் வெளியே தள்ளப்பட்டுப் பெரிய வட்டத்தில் ஓடும். விலகினால் பெல்ட் உள்ளே இறங்கிச் சின்ன வட்டத்தில் ஓடும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால், இன்ஜின் பக்கப் புல்லி நெருங்கும்போது சக்கரத்தின் பக்கப் புல்லி அதே கணக்கில் விலகியாக வேண்டும். கிளம்பும்போது இன்ஜின் பக்கம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றினால் அந்தப் பக்கம் ஒரு சுற்று. நெடுஞ்சாலையில் அது ஏறத்தாழ 0.4 சுற்றுக்கு ஒரு சுற்று என்று ஆகிவிடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் படி இல்லை, சரிவுதான். நான்கு வழிச்சாலையில் 100 கி.மீ. வேகத்திலும் இன்ஜின் 2,000 சுற்றுக்குப் பக்கத்திலேயே அமைதியாக ஓடுவதற்கு இதுதான் காரணம்.

இது ஏதோ வெளிநாட்டு விந்தை என்று நினைக்க வேண்டாம். வாசலில் நிற்கும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருப்பதும் இதுவே. 1984-ல் கைனடிக் ஹோண்டா வந்த நாளிலிருந்து நம் தெருக்களில் ஓடுகிறது. ஸ்கூட்டரில் தட்டை நெருக்குவது ஆயில் அல்ல, வேரியேட்டர் எனும் முன் புல்லிக்குள் இருக்கும் ஆறு உருளைகள். இன்ஜின் வேகம் கூடினால் மையவிலக்கு விசையில் அவை வெளியே ஓடித் தட்டை நெருக்கும். அந்த உருளை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டால் பிக்அப்பில் ஒரு திக்கல் வரும். பெல்ட் அகலம் தேய்ந்தால் டாப் ஸ்பீடு குறையும். ஸ்கூட்டர் மெக்கானிக் பக்கவாட்டு மூடியைத் திறந்து அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். காரில் அப்படி நடக்காது. பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

காரில் இதை முதலில் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனத்தார். 1958-ல் டாஃப் 600 என்ற சின்னக் கார்; அதில் ரப்பர் பெல்ட். ரப்பர் பெரிய இன்ஜினைத் தாங்காது. டாஃபை நிறுவிய வான் டோர்னே குடும்பத்தின் பெயரில்தான் பிறகு இரும்புப் பெல்ட் உருவானது. 1987-ல் சுபாரு ஜஸ்டி போன்ற கார்களில் சாலைக்கு வந்தது. இன்று ஹோண்டா, நிசான், டொயோட்டா சிவிடி-களில் ஓடுவது அந்த வகைப் பெல்ட்தான். பெல்ட் என்ற சொல்லைக் கேட்டு வார் மாதிரி ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். ஏறத்தாழ 400 மெல்லிய எஃகுத் துண்டுகள், நோட்டுக் கட்டு போல நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அவற்றைக் கட்டிப்பிடித்திருப்பவை இருபுறமும் செல்லும் எஃகு வளையக் கட்டுகள். ஒரு கட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டு வளையங்கள். ஒரு வளையம் காகிதம்போல 0.2 மி.மீ. அளவுதான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெல்ட் தேர் வடம் மாதிரி இழுப்பதில்லை. துண்டு துண்டை முட்டித் தள்ளுகிறது. ஹூண்டாய், கியா ‘ஐவிடி’ என்று பெயர் வைத்திருக்கும் கியர் பாக்ஸில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. அது இழுக்கும் வகை. பெயர்தான் வேறு, தத்துவம் ஒன்றே.

இனி ஆயிலுக்கு வருகிறேன். சிவிடி கெடுவதில் பெரும் பங்கு இங்கேதான்.

இரும்புப் பெல்ட்டும் இரும்புப் புல்லியும் பல்லோடு பல் கோத்து ஓடவில்லை. வெறும் உராய்வுப் பிடிப்பில், நடுவே ஒரு மெல்லிய ஆயில் படலத்தோடு ஓடுகின்றன. அந்தப் பிடிப்பைக் கொடுப்பது தட்டின் பின்னால் இருந்து அழுத்தும் ஆயில் அழுத்தம். தேவைப்படும்போது அது 40, 50 பார் வரை போகும். அதாவது 600, 700 பிஎஸ்ஐ. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 32, 33 பிஎஸ்ஐ என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். ஆக, இந்த ஆயில் பேரிங்கை வழுவழுப்பாக வைக்க வேண்டும், சூட்டை இறக்க வேண்டும், தட்டை அழுத்த வேண்டும். அதே சமயம் பெல்ட்டையும் புல்லியையும் வழுக்க விடவும் கூடாது. வழுக்கவும் வேண்டும், வழுக்கவும் கூடாது! இந்த முரண்பட்ட வேலைக்கென்றே சேர்மானம் சேர்த்துத் தயாரித்ததுதான் சிவிடி ஆயில். ஏடிஎஃப் எனப்படும் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில், ஆயிலில் நனைந்த கிளட்ச் தட்டுகளுக்காகச் செய்தது. இரும்போடு இரும்பு பிடிப்பது அதன் வேலையே இல்லை.

‘எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆயில்தாண்ணே’ என்று சொல்லி ஏடிஎஃப் ஊற்றிவிட்டால் வண்டி அன்றே நின்றுவிடாது. அதுதான் ஆபத்து. சில நூறு, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். உள்ளே பெல்ட் கண்ணுக்குத் தெரியாமல் வழுக்கத் தொடங்கும். வழுக்கிய இடத்தில் புல்லியின் பளபளப்பான முகத்தில் கீறல் விழும். கீறலிலிருந்து வரும் இரும்புத் தூள் ஆயிலோடு போய், ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடியின் நுண்துளைகளில் சிக்கும். வால்வு சிக்கினால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் இன்னும் வழுக்கும். வாடிக்கையாளர் வந்து, ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு’ என்பார். நேற்று அல்ல, ஆயில் ஊற்றிய நாளில் ஆரம்பித்த வியாதி அது. கீறல் விழுந்த புல்லியைக் கடைசல் பிடித்துச் சரி செய்ய முடியாது. புல்லியும் பெல்ட்டும் சேர்த்து மாற்ற வேண்டும். பெரும்பாலும் முழு அசெம்பிளியே மாற்றச் சொல்வார்கள். ஆயில் மாற்றும் செலவு சில ஆயிரம். இது லட்சத்தைத் தொடும்.

ஆயிலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. சாயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் பெயர்தான் சாட்சி. புதிய ஹோண்டா சிவிடி-களுக்கு எச்.சி.எஃப்-2, நிசான் வகைக்கு என்.எஸ்-3, டொயோட்டாவுக்கு சிவிடி ஃப்ளூயிட் எஃப்.இ, ஹூண்டாய், கியா ஐவிடி-க்கு எஸ்.பி-சிவிடி 1. அதே கம்பெனியின் பழைய மாடலுக்கு வேறு பெயர் இருக்கலாம் என்பதால் அந்த வண்டியின் கையேட்டைத் திறந்து ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ‘எல்லாச் சிவிடி-க்கும் பொருந்தும்’ என்று போட்ட டப்பாவை, அந்தக் குறிப்பிட்ட பெயர் பின்பக்கப் பட்டியலில் இல்லாவிட்டால் தொட வேண்டாம்.

‘இது வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்றும் ஒரு பேச்சு உலவுகிறது. யாருடைய வாழ்நாள் என்று கேட்க வேண்டும். மதுரை வெயில், சிக்னலுக்குச் சிக்னல் ஏசி போட்டு நிற்பது, மாதம் ஒரு மலைப் பயணம் என்று ஓடும் வண்டிக்கு 40,000 கி.மீ. அல்லது மூன்று ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிடுவது நல்லது. வாடகைக்கு ஓடும் வண்டி, அடிக்கடி மலை ஏறும் வண்டி என்றால் 30,000. கையேடு இதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் கையேடு சொல்வதே சரி.

மாற்றும் முறையிலும் தவறு நடக்கிறது. கியர் பாக்ஸுக்குள் மொத்தம் 7 லிட்டர் அளவுக்கு ஆயில் இருக்கும். அடி நட்டைக் கழற்றினால் வடிவது அதில் பாதி, 3 முதல் 4 லிட்டர். மீதி, பல சிவிடி-களிலும் இன்ஜினோடு இணைக்க இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் என்ற ஆயில் இணைப்பிலும் கூலரிலும் வால்வு பாடியிலும் தங்கிவிடும். ஆக, ஒரு முறை மாற்றினால் பாதிதான் புதுசு. வெகுநாள் மாற்றாத வண்டியில் சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஒரு முறை வடித்து ஊற்றினால் முக்கால் பங்கு புதுசாகிவிடும். மெஷின் வைத்து அழுத்தத்தோடு ‘ஃப்ளஷ்’ செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் படிந்த தூள் கிளம்பி வால்வுக்குள் போய் உட்காரும். கியர் பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பேனைக் கழற்றினால் உள்ளே காந்தங்கள் இருக்கும். அதில் மை போல சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்து மாட்டலாம். ஊசி மாதிரி, செதில் மாதிரி மினுக்கும் துண்டுகள் இருந்தால் பெல்ட்டோ பேரிங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். புது ஆயில் அதைக் குணப்படுத்தாது. பேனுக்குள் இருக்கும் வலை ஃபில்டரைத் தவிர, பல மாடல்களில் கூலர் பக்கத்தில் இன்னொரு காகித ஃபில்டர் உண்டு. அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

அளவு பார்ப்பதுதான் இன்னும் நுணுக்கம். இன்றைய சிவிடி-கள் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியைச் சமதளமாகத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரைப் பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் ஐந்து விநாடி நிறுத்தித் திரும்ப பி-க்குக் கொண்டுவர வேண்டும். ஸ்கேனரில் ஆயில் வெப்பநிலையைப் பார்த்து, மாடலுக்குச் சொன்ன எல்லைக்குள், பலவற்றில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது, வழிவு நட்டைத் திறக்க வேண்டும். தாரையாக வழிந்து, பிறகு சொட்டுச் சொட்டாக ஆகும்போது புது வாஷர் போட்டு மூட வேண்டும். மே மாதப் பகலில் நம் ஊரில் நிழலிலேயே 40 டிகிரி. வெயிலில் ஓடி வந்த வண்டியை அப்படியே தூக்கி அளவு பார்த்தால், விரிந்த ஆயில் அதிகமாக வழிந்து குறைவாக நின்றுவிடும். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது செய்வதே சரி. குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். அதிகமானாலும் தீமைதான்: சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையை அழுத்தினால் அமுங்கும், அழுத்தம் கொடுக்காது, பெல்ட் வழுக்கும். கொஞ்சம் கூட ஊற்றினால் நல்லது என்பது சாம்பாருக்கு வேண்டுமானால் சரி.

எந்தக் கார்களில் சிவிடி என்பதற்கு வருகிறேன். ஹோண்டா என்றால் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் சிவிடி: 2014-க்குப் பிந்தைய சிட்டி, 2016-க்குப் பிந்தைய அமேஸ், ஜாஸ், 2023-ல் வந்த எலிவேட். சிட்டியில் 2003-ஐ ஒட்டி வந்த மாடலிலும் சிவிடி இருந்தது; நடுவில் சில ஆண்டுகள் டார்க் கன்வெர்ட்டர், 2014-ல் மறுபடி சிவிடி. ஆகவே ‘சிட்டி ஆட்டோமேட்டிக்’ என்றால் எந்த ஆண்டு என்று கேட்டாக வேண்டும். 2018 அமேஸில் டீசலுக்கும் சிவிடி கொடுத்தார்கள், அது அரிது. நிசானில் பழைய மைக்ரா, சன்னி சிவிடி, இப்போதைய மேக்னைட் டர்போ. ரெனோவில் பழைய டஸ்டர் பெட்ரோல், கைகர் டர்போ. கவனிக்க: மேக்னைட், கைகரில் டர்போ இல்லாத ஆட்டோமேட்டிக் ஏஎம்டி. மாருதி பலேனோவில் 2015 முதல் 2022 வரை சிவிடி, அதன் பிறகு ஏஎம்டி. எம்ஜி ஆஸ்டர் 1.5 பெட்ரோலிலும் சிவிடி உண்டு. டொயோட்டா யாரிஸ், பிந்தைய கொரோலா ஆல்டிஸ், ஹைபிரிட் அல்லாத இன்னோவா ஹைகிராஸ் ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

குழப்பத்துக்கு நல்ல உதாரணம் ஹூண்டாய் கிரெட்டா. 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் ஐவிடி, டீசலில் டார்க் கன்வெர்ட்டர், டர்போ பெட்ரோலில் டிசிடி. பெயர் ஒன்று, வண்டி ஒன்று, கியர் பாக்ஸ் மூன்று. கியா செல்டோஸும் இதே கதை. கிராண்ட் விட்டாராவை எடுத்தால் சாதாரண பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர். ஸ்ட்ராங் ஹைபிரிடில் ‘இ-சிவிடி’. இந்த இ-சிவிடி-யில் பெல்ட்டும் இல்லை, கூம்புப் புல்லியும் இல்லை. ஒரு கோள் கியர் தொகுதியும் இரண்டு மின்மோட்டாரும் சேர்ந்து விகிதத்தை மாற்றுகின்றன. 1997-ல் ஜப்பானில் பிரியஸில் வந்த ஏற்பாடு அது. ஹைரைடர் ஹைபிரிட், ஹைகிராஸ் ஹைபிரிட், இன்விக்டோ எல்லாம் அதே வகை. பெயரில் சிவிடி இருப்பதைப் பார்த்து அதில் பெல்ட் சிவிடி ஆயிலை ஊற்றினால் அதுவும் தவறு.

ஓட்டுகிறவர்களின் முதல் புகார், ‘இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது’ என்பது. திடீரென்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சிவிடி முதலில் இன்ஜினைப் பலம் கூடிய சுற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். பிறகு புல்லிகளை நகர்த்தி வண்டியின் வேகத்தை அந்தச் சத்தத்தை எட்டிப் பிடிக்க வைக்கும். மேனுவல் ஓட்டிப் பழகிய காதுக்கு இது கிளட்ச் வழுக்குவது போலக் கேட்கும். கோளாறு அல்ல. உண்மையான வழுக்கலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ரிங் ரோட்டில் சமமான இடத்தில் 60 கி.மீ. வேகத்தில் கால் அசையாமல் ஓட்டுங்கள். ஆர்பிஎம் முள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கால் அசையாமலே 200, 300 சுற்று ஏறி இறங்கினாலோ, வண்டி விட்டு விட்டு நடுங்கினாலோ, வேகத்தோடு சேர்ந்து ஒரு கீச்சுக் குரல் கூடிக்கொண்டே போனாலோ ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டிய நேரம். பி0868 போன்ற எண் வந்தால் ஆயில் அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். அந்த எண்ணை அழித்துவிட்டு ஓட்டுவது, காய்ச்சல் வந்தவரின் தெர்மாமீட்டரை உதறி வைப்பது மாதிரி.

கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வத்தலக்குண்டிலிருந்து ஏறினால் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். ஆள் நிறைந்து ஏசியோடு ஏறும்போது லீவரை ‘எஸ்’-ல் வைத்தால், அல்லது ஸ்டீயரிங்கில் ‘பேடில்’ என்ற கியர் விசை இருந்தால் கைமுறையில் வைத்தால், இன்ஜின் சுற்று ஓரளவு மேலே நிற்கும். புல்லி ஒவ்வொரு வளைவுக்கும் முன்னும் பின்னும் அலையாது. கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்றால், ஆக்ஸிலேட்டரை மிதித்தே வண்டியைச் சரிவில் நிறுத்தி வைக்கும் பழக்கம் வேண்டாம். வண்டி நகராத அந்த நேரத்தில் இன்ஜின் பலமெல்லாம் டார்க் கன்வெர்ட்டருக்குள் சூடாக மாறுகிறது. பிரேக்கில் நிறுத்துங்கள். ஆயில் சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டரே பலத்தைக் குறைத்துவிடும். வண்டி சோர்ந்து போகும். அப்படி ஆனால் ஓரமாக நிறுத்தி, பி-யில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். இன்ஜின் ஓடினால்தான் ஆயில் கூலருக்குச் சுற்றும். ரேடியேட்டரின் முன்பக்கம் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தாலும் இதே பிரச்சினை வரும். சிவிடி ஆயிலின் சூடு பெரும்பாலும் கூலன்ட் வழியாகத்தான் இறங்குகிறது.

இறங்கும்போது ‘எல்’ அல்லது ‘எஸ்’. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவதைச் சிவிடி-யில் செய்யவே கூடாது. இன்ஜின் பிரேக் போய்விடும். பாதி வழியில் திரும்ப டி-யில் போடும்போது பெல்ட்டுக்கு ஒரு அடி விழும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே டி-யிலிருந்து ஆர்-க்கு இழுப்பதும் அதே அடிதான். பார்க்கிங்கில் அவசரப்படுகிறவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். கண்மாய்க் கரைச் சேற்றில் முன் சக்கரம் சிக்கினால் ஆக்ஸிலேட்டரை அழுத்திச் சுழல விடக்கூடாது. வேகமாகச் சுழலும் சக்கரம் திடீரென்று பிடி கிடைத்து நின்றால் அந்த அதிர்ச்சி முழுவதும் பெல்ட்டில் இறங்கும்; அந்த ஒரு விநாடி வழுக்கலே புல்லியில் கோடு போடப் போதும். கல்லோ மட்டையோ அடியில் கொடுத்து மெதுவாக ஏற்றுங்கள்.

கட்டி இழுப்பது பற்றி. வண்டி நின்றால் கயிறு கட்டி இழுத்துப் போவது நம் ஊர் வழக்கம். முன் சக்கர இயக்கச் சிவிடி காரை முன் சக்கரம் தரையில் உருள இழுக்கக்கூடாது. இன்ஜின் அணைந்தால் ஆயில் பம்ப் ஓடாது. உள்ளே ஆயில் இல்லாமல் உலோகம் உலோகத்தில் உரசும். முன் சக்கரத்தைத் தூக்கும் வண்டி, அல்லது முழு காரையும் மேலே ஏற்றும் தட்டு லாரி மட்டுமே. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. பேட்டரி இறங்கினால் இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுத்தான் எழுப்ப வேண்டும். லீவர் பி-யிலிருந்து நகராவிட்டால், பல கார்களில் லீவர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து சாவியால் அழுத்தினால் பூட்டு விடுபடும். மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி நின்றுபோன சிவிடி காரை மறுபடி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். கியர் பாக்ஸின் மேல்பக்கம் மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. அதன் வழியே தண்ணீர் போயிருந்தால் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருக்கும். அந்த ஆயிலோடு ஓட்டினால் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளும் ஊறி உரியும்.

பழைய காரைப் பார்க்கப் போகிறவர், எந்த வகை என்று தெரிந்துகொள்ள முதலில் ஆர்.சி.-யில் மாடல் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் பார்க்கலாம். பல கார்களுக்குச் சிவிடி, ஏஎம்டி என்றே இருக்கும். லீவரில் பி என்ற இடமே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஏஎம்டி. பி இருந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும்: காலை மிக மெதுவாக ஊன்றி 0-விலிருந்து 60 வரை போங்கள். ஆர்பிஎம் முள் ஏறி, விழுந்து, ஏறினால் கியர் உள்ள வண்டி; ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றபடி வேகம் மட்டும் கூடினால் சிவிடி. அழுத்தி ஓட்டிச் சோதிக்க வேண்டாம். புதிய சிவிடி-கள் அப்போது வேண்டுமென்றே பொய்ப் படிகளைக் காட்டும். முதல் ஸ்டார்ட்டை நீங்கள்தான் செய்ய வேண்டும். சூடாக்கி வைத்த வண்டியில் பாதி நோய் மறைந்துவிடும். டி, ஆர் போட்டதும் இரண்டு விநாடிக்குள் வண்டி பிடிக்க வேண்டும். பிறகு இருபது நிமிடம், முடிந்தால் ஒரு மேம்பால ஏற்றத்தோடு ஓட்டுங்கள். கடைசியில் ஆயில் மாற்றிய பில் கேளுங்கள். பில்லில் ஆயிலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கியர் ஆயில் மாற்றியது’ என்று மட்டும் எழுதிய பில், எந்த ஆயில் போயிருக்கும் என்ற சந்தேகத்தைத்தான் கூட்டும்.

இத்தனையும் படித்துவிட்டுச் சிவிடி-யே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். கோரிப்பாளையம், காளவாசல் நெரிசலில் நாள்தோறும் ஊர்ந்து போகிறவருக்கு இதைவிட அலுங்காத கியர் பாக்ஸ் கிடையாது. அங்கே ஏஎம்டி தலையாட்ட வைக்கும். ஆனால் ஏழு பேரை ஏற்றி வாரந்தோறும் போடி மெட்டு, குமுளி என்று போகிறவருக்கு டார்க் கன்வெர்ட்டர்தான் என் சிபாரிசு.

ஆசிரியரிடம் கேட்பது இதுதான். கார் வரி விளம்பரம் வாங்கும்போது, ‘ஆட்டோமேட்டிக்’ என்று எழுதித் தருகிறவரிடம் அது சிவிடி-யா, ஏஎம்டி-யா, டார்க் கன்வெர்ட்டரா, டிசிடி-யா என்று உங்கள் கவுன்டரில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கூடவே, கியர் பாக்ஸ் ஆயில் கடைசியாக எத்தனை கி.மீ.-யில் மாற்றியது என்பதையும் போடச் சொல்லுங்கள். ‘சிவிடி, ஆயில் 42,000-ல்’ என்று மூன்றே சொல். விளம்பரதாரருக்கு ஒரு வரிக் கட்டணம் கூடலாம். தெரியாது என்று அவர் சொன்னால், அதை அப்படியே ‘ஆயில் விவரம் தெரியாது’ என்று போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கார் கியர் பாக்ஸ் மெக்கானிக்,
மதுரை.